பட்டினி மருந்தாகுமா?

ஏகாதசி நெருங்கும்போதெல்லாம் ஒரு குறுஞ்செய்தி நம் கைப்பேசிகளுக்குத் தவறாமல் வந்து சேர்கிறது. 'விரதம் இருந்தால் புற்றுநோய் செல்கள் அழியும் என்று கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தனர்' என்பது அதன் சாரம். 2016-ஆம் ஆண்டு முதல் இந்தச் செய்தி பல மொழிகளில் வலம் வருகிறது. அனுப்புபவர்கள் நல்லெண்ணத்துடன்தான் அனுப்புகிறார்கள். ஆனால், அதைப் படிப்பவர்களில் ஒருவர் நேற்றுதான் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்டு, அடுத்த வாரம் முதல் கீமோதெரபிக்கு வரச்சொல்லப்பட்டவராக இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2024 நவம்பரில் இந்தக் கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. முன்னாள் கிரிக்கெட் வீரரும் பஞ்சாப் முன்னாள் அமைச்சருமான நவ்ஜோத் சிங் சித்து, மார்பகப் புற்றுநோயின் நான்காம் நிலையில் இருந்த தம் மனைவி கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் 40 நாள்களில் நோயை வென்றதாகச் செய்தியாளர்களிடம் கூறினார். எலுமிச்சை நீர், பச்சை மஞ்சள், வேப்பிலை ஆகியவற்றுடன், சர்க்கரையையும் பால் பொருள்களையும் தவிர்த்ததும், இரவு உணவுக்கும் மறுநாள் முதல் உணவுக்கும் இடையே நீண்ட இடைவெளி விட்டதும் அந்தக் கட்டுப்பாட்டில் அடங்கும். அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் அவருக்கு அளிக்கப்பட்டிருந்தன என்ற செய்தி அந்த ஆரவாரத்தில் அடங்கிப் போயிற்று.

சில நாள்களுக்குள் மும்பை டாடா நினைவு மருத்துவமனையுடன் தொடர்புடைய 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையொப்பமிட்டு அறிக்கை வெளியிட்டனர். இத்தகைய கூற்றுகளுக்கு உயர்தரச் சான்று ஏதும் இல்லை என்றும், நிரூபிக்கப்படாத வைத்தியத்தை நம்பிச் சிகிச்சையைத் தாமதப்படுத்த வேண்டாம் என்றும் அவர்கள் வேண்டுகோள் விடுத்தனர். பின்னர், மருத்துவர்களின் ஆலோசனையுடனேயே அந்த உணவுமுறை பின்பற்றப்பட்டது என்றும், அதைச் சிகிச்சைக்குத் துணையாகவே கருத வேண்டும் என்றும் சித்து விளக்கம் அளித்தார். முதல் செய்தி சென்றடைந்த இடங்களுக்கெல்லாம் அந்த விளக்கம் சென்றிருக்குமா என்பது ஐயமே.

இந்த விவாதத்தில் இரு தரப்பினரும் ஒன்றைத் தவறவிடுகின்றனர். விரதம்தான் மருந்து என்போர், அறிவியல் சொன்னதில் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர். எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்குவோர், உலகின் முன்னணி ஆய்வுக்கூடங்கள் இந்தத் துறையில் உண்மையாகவே ஈடுபட்டிருப்பதைக் காண மறுக்கின்றனர். உண்மை என்ன என்பதை முழுமையாகப் பார்த்தால்தான், நோயாளி எங்கே நிற்க வேண்டும் என்பது விளங்கும்.

நோபல் பரிசு எதற்காக?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் பழுதடைந்த புரதங்களும், தேய்ந்துபோன உறுப்புகளும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. செல் அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய உறையை உருவாக்குகிறது. அந்த உறையை லைசோசோம் என்னும் சிற்றறைக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்குள்ள நொதிகள் அவற்றைச் சிதைத்து மூலப்பொருள்களாக மாற்றுகின்றன. அந்த மூலப்பொருள்களிலிருந்து செல் புதிய பாகங்களைக் கட்டிக்கொள்கிறது. உணவு வராத நேரத்தில் அவையே எரிபொருளாகவும் பயன்படுகின்றன. இதற்குத் 'தன்னுண்ணல்' என்று பெயர். மருத்துவ உலகில் 'ஆட்டோஃபேஜி'.

லைசோசோமை 1955-இல் கண்டறிந்து, 1974-இல் நோபல் பரிசு பெற்ற பெல்ஜிய அறிவியலாளர் கிறிஸ்டியன் டி டூவ், 1963-இல் இந்தச் சொல்லை உருவாக்கினார். ஆனால், அது எப்படி நடக்கிறது, எந்த மரபணுக்கள் அதை இயக்குகின்றன என்பது அதற்குப் பின்னரும் சுமார் 30 ஆண்டுகள் புதிராகவே இருந்தது. அந்தப் புதிரை அவிழ்த்தவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி.

1988-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கிய ஓசுமி, ரொட்டி தயாரிக்கப் பயன்படும் ஈஸ்ட்டை ஆராய எடுத்துக்கொண்டார். சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் செல்களைத் தேர்ந்தெடுத்து அவற்றைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில், சிதைக்கப்படாத உறைகள் செல்லின் உள்ளறையில் குவிந்து, நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தன. அதன்பின், ஆயிரக்கணக்கான ஈஸ்ட் பிறழ்வுகளைச் சோதித்து, இந்தச் செயலுக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை அடையாளம் கண்டு 1993-இல் வெளியிட்டார். இவற்றை ஒத்த மரபணுக்கள் மனித உடலிலும் உள்ளன என்பது பின்னர் தெரிய வந்தது.

ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது இந்த இயங்குமுறையைக் கண்டுபிடித்ததற்காகவே. அவருடைய ஆய்வில் பட்டினி என்பது, ஈஸ்ட் செல்லில் இந்தச் செயலைத் தூண்டிவிடப் பயன்பட்ட ஒரு விசை. புற்றுநோயாளிகளை அவர் பட்டினி போடவில்லை. விரதத்தைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவும் இல்லை. ஈஸ்ட்டில் தொடங்கிய அறிவு மனித நோய்வரை வந்து சேர்வதற்கு இடையே நெடுந்தொலைவு உண்டு. குறுஞ்செய்தி அந்தத் தொலைவை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது.

காவலனும் கூட்டாளியும்

தன்னுண்ணல் புற்றுநோயைத் தடுக்குமா? ஒரு கட்டம் வரை, ஆம். அமெரிக்க ஆய்வாளர் பெத் லெவின் தலைமையிலான குழு, தன்னுண்ணலுக்குத் தேவையான 'பெக்லின்-1' என்னும் மரபணு கட்டி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்று 1999-இல் காட்டியது. மார்பகம், சினைப்பை, புராஸ்டேட் ஆகியவற்றின் புற்றுநோய்களில் பலவற்றில் இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று இல்லாமல் போயிருப்பதும் கண்டறியப்பட்டிருந்தது. ஒரு பிரதியை மட்டும் கொண்ட எலிகளுக்குக் கட்டிகள் அதிகம் தோன்றின. பழுதடைந்த பொருள்கள் அகற்றப்படாமல் தேங்கினால், மரபணுச் சேதமும் அழற்சியும் பெருகுகின்றன. எனவே, நலமான செல்லில் தன்னுண்ணல் ஒரு காவலன்.

கதையின் மறுபாதி குறுஞ்செய்திகளில் இடம்பெறுவதில்லை. புற்றுநோய் வேரூன்றிவிட்ட பிறகு, அதே காவலன் எதிரியின் கூட்டாளியாகிவிடக்கூடும். வேகமாக வளரும் கட்டியின் உட்பகுதிக்கு இரத்தமும் ஆக்சிஜனும் போதுமான அளவு செல்வதில்லை. அந்தப் பற்றாக்குறையில் உயிர் பிழைக்க, புற்றுநோய் செல்லும் தன்னுண்ணலையே நாடுகிறது. 'ராஸ்' என்னும் மரபணு பிறழ்ந்த கட்டிகள், குறிப்பாகக் கணையப் புற்றுநோய், தன்னுண்ணலைப் பெரிதும் சார்ந்து வளர்கின்றன என்பதை 2011-இல் வெளியான ஆய்வுகள் எடுத்துக்காட்டின. கீமோதெரபியின் தாக்குதலிலிருந்து தப்பவும் சில கட்டிகள் இதே வழியைப் பயன்படுத்துகின்றன.

இதனால்தான் புற்றுநோய் ஆய்வாளர்களில் ஒரு பிரிவினர் தன்னுண்ணலைத் தூண்டுவதற்கு நேர்மாறாக, அதைத் தடுக்க முயல்கின்றனர். மலேரியாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து லைசோசோமின் பணியைத் தடுக்கும் என்பதால், அதைக் கீமோதெரபியுடன் சேர்த்துக் கொடுத்துப் பரிசோதித்தனர். முற்றிய கணையப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், கட்டி சுருங்கிய நோயாளிகளின் விகிதம் கூடியது. ஆனால், ஓராண்டு உயிர்வாழ்வோர் விகிதம் உயரவில்லை.

தூண்டுவதும் தடுப்பதும் ஒருசேர ஆராயப்படும் ஒரு செயலை, 'இது கூடினால் புற்றுநோய் போய்விடும்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எந்தப் புற்றுநோய், எந்தக் கட்டம், எந்த மரபணுப் பிறழ்வு என்பதைப் பொருத்தே அது நண்பனா, பகைவனா என்பது அமையும்.

விரதம் ஏன் ஆராயப்படுகிறது?

அப்படியானால் விரதத்தில் ஆய்வாளர்களுக்கு என்ன வேலை? அவர்களுடைய ஆர்வம் தன்னுண்ணலோடு மட்டும் நின்றுவிடவில்லை. உணவு நிற்கும்போது இரத்தத்தில் குளுக்கோஸ், இன்சுலின், 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி' ஆகியவற்றின் அளவு குறைகிறது. இவை செல்களுக்கு 'வளர்' என்று ஆணையிடும் சமிக்ஞைகள். இவை குறைந்ததும் நலமான செல்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, பழுதுபார்க்கும் வேலையில் இறங்குகின்றன. புயல் எச்சரிக்கை கேட்டதும் படகைக் கரையேற்றும் மீனவரைப் போல அவை தற்காப்பு நிலைக்குச் செல்கின்றன. வளர்ச்சிக்கான பொத்தான் அழுந்தியே கிடக்கும் புற்றுநோய் செல்லுக்கு இந்த எச்சரிக்கை கேட்பதில்லை.

வேகமாகப் பிரியும் செல்களைத் தேடித் தாக்குவதே பெரும்பாலான கீமோதெரபி மருந்துகளின் இயல்பு. நலமான செல்கள் ஒதுங்கி நிற்க, புற்றுநோய் செல்கள் மட்டும் திறந்த வெளியில் நின்றால், பக்கவிளைவு குறைந்து பலன் கூடும் அல்லவா? இந்தக் கருத்தைத் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் லாங்கோவின் குழு 2008-இல் எலிகளிடம் நிரூபித்தது. குறுகிய காலப் பட்டினிக்குப் பிறகு மருந்து பெற்ற எலிகள், அதிக அளவு கீமோதெரபியைத் தாங்கிக்கொண்டன. பட்டினி சில கட்டிகளின் வளர்ச்சியையே மட்டுப்படுத்துகிறது என்பதை அதே குழுவின் 2012 ஆய்வு காட்டியது.

முழுப் பட்டினி நோயாளிகளுக்குக் கடினம் என்பதால், 'விரதத்தை ஒத்த உணவுமுறை' உருவாக்கப்பட்டது. சில நாள்களுக்கு மட்டும், புரதமும் சர்க்கரையும் மிகக் குறைந்த, தாவர அடிப்படையிலான உணவு. உடல் அதைப் பட்டினி என்றே எடுத்துக்கொள்ளும். லாங்கோ தொடங்கிய ஒரு நிறுவனம் இத்தகைய உணவுப் பெட்டிகளைப் பொதுமக்களுக்கு விற்கவும் செய்கிறது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது. ஆய்வும் வணிகமும் அருகருகே இருக்கும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை.

மனிதர்களிடம் கிடைத்த விடை

எலிகளிடம் கண்டது மனிதர்களிடம் நிகழ்ந்ததா? இதற்கு விடை தேடிய முக்கியமான ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. முடிவுகள் 2020-இல் வெளியாயின. இரண்டாம், மூன்றாம் நிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட 131 பெண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஒவ்வொரு கீமோதெரபிக்கும் முந்தைய 3 நாள்களும், சிகிச்சை நாளிலும் விரதத்தை ஒத்த உணவை உட்கொண்டனர். மற்றவர்கள் வழக்கம்போல் உண்டனர்.

பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட விளைவு கிட்டவில்லை. கடுமையான பக்கவிளைவுகளில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. கட்டி முற்றிலும் மறைந்தவர்களின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றே. அதேவேளை, சில நம்பிக்கைக் கீற்றுகளும் தென்பட்டன. விரத உணவுப் பிரிவினருக்குப் பக்கவிளைவைக் குறைக்கத் தரப்படும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து தவிர்க்கப்பட்டிருந்தது. ஆயினும் அவர்களுக்குப் பக்கவிளைவு கூடவில்லை. ஸ்கேன் படங்களில் கட்டி சுருங்கியது அவர்களிடம் அதிகமாகத் தெரிந்தது. ஆனால், எல்லாச் சுற்றுகளிலும் அந்த உணவுமுறையைக் கடைப்பிடிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே.

இத்தாலியின் மிலான் நகரில் பல வகைப் புற்றுநோய் கொண்ட 101 நோயாளிகளிடம் 5 நாள் உணவுமுறை சோதிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்து, மருத்துவக் கண்காணிப்பில் அளிக்கும்போது இது பெரும்பாலும் பாதுகாப்பானது என்றும், வளர்ச்சிக் காரணிகளின் அளவு குறைந்து, நோய் எதிர்ப்பு செல்களில் சாதகமான மாற்றங்கள் ஏற்பட்டன என்றும் அந்த ஆய்வு தெரிவித்தது. ஆயினும், இது பாதுகாப்பைச் சோதித்த ஆய்வு. நோயாளிகள் இதனால் கூடுதல் காலம் உயிர்வாழ்ந்தார்களா என்பதை நிறுவும் வகையில் அது அமைக்கப்படவில்லை.

இந்த ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு கூறு உண்டு. எந்த நோயாளியும் சிகிச்சையைக் கைவிட்டு விரதம் இருக்கவில்லை. விரதம் சிகிச்சைக்குத் துணையாக வந்தது. அதுவும் சில நாள்களுக்கு மட்டும். நெதர்லாந்து ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களும் உடல் எடை மிகக் குறைந்தவர்களும் சேர்த்துக்கொள்ளப்படவே இல்லை.

எலியின் கணக்கை மனிதனுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. எலியின் வளர்சிதை மாற்றம் மிக விரைவானது. இரண்டு நாள் பட்டினியில் அது தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். '16 மணி நேரம் உண்ணாமல் இருந்தால் தன்னுண்ணல் தொடங்கிவிடும்' என்பது போன்ற துல்லியமான நேரக் கணக்குகள் மனித உடலில் அளந்து நிறுவப்பட்டவை அல்ல. நடமாடும் மனிதரின் உறுப்புகளுக்குள் இந்தச் செயலை அளப்பதே இன்றும் கடினமான பணியாகும்.

விரதம் முடிந்து உண்ணத் தொடங்கும் நேரத்திலும் ஒரு புதிர் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட எலி ஆய்வில், பட்டினிக்குப் பிறகு மீண்டும் உணவு கிடைத்ததும் குடலின் குருத்தணுக்கள் மிக வேகமாகப் பெருகின. காயம் ஆறுவதற்கு இது நல்லது. ஆனால், அந்த நேரத்தில் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் மரபணுப் பிறழ்வு ஏற்பட்டால், கட்டிகள் உருவாகும் வாய்ப்பும் அதிகரித்தது. மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று இப்போதே அஞ்சத் தேவையில்லை. எனினும், 'விரதத்தால் நன்மை மட்டுமே' என்று முடிவுகட்டுவதற்கு முன் தயங்கச் செய்யும் செய்தி இது.

மெலியும் உடலின் ஆபத்து

நலமாக உள்ள ஒருவர் மாதத்துக்கு இரண்டு நாள் விரதம் இருப்பதும், ரமலான் மாதத்தில் நோன்பு நோற்பதும் அவரவர் நம்பிக்கையும் வாழ்க்கை முறையும் சார்ந்தவை. அவற்றுக்கும் இங்கு எழுப்பப்படும் கேள்விக்கும் தொடர்பில்லை. இங்கே கேள்வி, புற்றுநோயால் ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும் உடலைப் பற்றியது.

புற்றுநோயாளிகளின் உடல் மெலிவு வெறும் பசியின்மையால் வருவதன்று. கட்டியும், அதற்கு எதிராக உடல் காட்டும் அழற்சியும் சேர்ந்து தசைகளைக் கரைக்கின்றன. மருத்துவர்கள் இதைக் 'கேக்கெக்சியா' என்கின்றனர். புற்றுநோய் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு இதுவே நேரடிக் காரணம் என்று மதிப்பிடப்படுகிறது. கணையம், இரைப்பை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களில் இது மிகுதி. தசை குறைந்தால் கீமோதெரபியின் நச்சுத்தன்மையைத் தாங்கும் ஆற்றல் குறைகிறது. அறுவை சிகிச்சைப் புண் ஆறத் தாமதமாகிறது. தொற்றுகள் எளிதில் பற்றிக்கொள்கின்றன. சிகிச்சைச் சுற்றுகளை ஒத்திவைக்கவோ, மருந்தின் அளவைக் குறைக்கவோ நேரிடுகிறது.

இதனால்தான் ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள், புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி உணவும், 1 கிராமுக்கு மேல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதமும் தேவை என்கின்றன. ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்களுக்கும், அதற்கான வாய்ப்பு உள்ளவர்களுக்கும் கலோரியைக் குறைக்கும் உணவுமுறைகள் கூடாது என்றும் அவை எச்சரிக்கின்றன.

'சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் சாகும்' என்ற வாதமும் பரவலாக ஒலிக்கிறது. புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை மிகுதியாக உட்கொள்கின்றன என்பதை 1920-களிலேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் கவனித்தார். ஆனால், நாம் உண்ணாவிட்டாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துபோவதில்லை. மூளைக்குத் தேவையானதைக் கல்லீரல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அதற்கான மூலப்பொருளில் ஒரு பகுதியைத் தசையைக் கரைத்தே பெறும். கட்டியைப் பட்டினி போடுவதாக எண்ணி, நோயாளி தம் தசையைத்தான் அதற்கு விருந்தாக்குகிறார்.

விரத ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாடுகளில், போதிய உடல் எடை கொண்ட நோயாளிகளிடம் நடந்தவை. நம் அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளுக்கு வருவோரில் பலர் நோய் முற்றிய நிலையில், எடை இழந்து, சோர்ந்து வருபவர்கள். வாய், தொண்டைப் புற்றுநோயால் விழுங்கவே முடியாமல் வருவோரும் உண்டு. இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவை நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்தும் இருக்கிறது. மிலானில் ஒருவருக்குப் பாதுகாப்பாக இருந்த ஒன்று, இங்கே வேறொருவருக்கு உயிராபத்தாக முடியலாம்.

கைநழுவும் காலம்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான். நிரூபிக்கப்பட்ட சிகிச்சையை ஏற்காமல் மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களை ஆராய்ந்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுக்கு மரண அபாயம் மற்றவர்களைவிட 2.5 மடங்கு அதிகம். மார்பகப் புற்றுநோயில் இது 5 மடங்குக்கும் மேல். தொடக்க நிலையில் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் மார்பகப் புற்றுநோய் என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்ணின் கொடுமை புரியும்.

இந்தியாவில் 2022-இல் மட்டும் 14.61 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாகியிருப்பர் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் மதிப்பீடு. இவர்களில் மிகச் சிறிய பங்கினர் சில மாதங்களை விரதத்தில் கழித்துவிட்டு மருத்துவமனைக்குத் திரும்பினாலும், அது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் இழப்பாகும்.

ஆனாலும், இவற்றை நம்புகிறவர்களை அறியாதவர்கள் என்று பழிப்பது நியாயமன்று. புற்றுநோய் என்று தெரிந்த நாளில் நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'என்ன சாப்பிடலாம்?' என்பது. கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிப் பிரிவில், 'எல்லாம் சாப்பிடலாம்' என்ற ஒற்றை வரியே பலருக்குப் பதிலாகக் கிடைக்கிறது. மருந்தும் ஊசியும் மருத்துவர் கையில். தம் கையில் இருப்பது உணவு ஒன்றுதான் என்று நோயாளி எண்ணுகிறார். அந்தக் கேள்விக்கு மருத்துவமனை தராத பதிலைக் கைப்பேசி தருகிறது. அதில் செலவு இல்லை, முடி உதிர்வதில்லை, நம் மரபின் பெருமையும் கலந்திருக்கிறது. பிறகு நோய் முற்றும்போது, 'கட்டுப்பாடு போதவில்லை' என்று பழி நோயாளி மீதே விழுகிறது. நோயின் சுமையோடு குற்ற உணர்வின் சுமையையும் அவர் தாங்க வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அதற்கெனப் பயிற்சி பெற்ற உணவியல் வல்லுநர் இருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே எடையும் தசை வலிமையும் அளக்கப்பட்டு, நோயாளியின் வீட்டில் கிடைக்கும் உணவுகளைக் கொண்டே ஒரு திட்டம் எழுதித் தரப்பட வேண்டும். முட்டையும் பயறும் மோரும் எவ்வளவு, வாய்ப்புண் வந்தால் எதை எப்படி உண்பது என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாள்கூடப் பல வதந்திகளுக்கு விடையாகும்.

இரண்டாவதாக, நம் நோயாளிகளிடம் நம் ஆய்வுகள் நடக்க வேண்டும். உணவை மருந்துபோல் சோதிப்பது இங்கே இயலாத ஒன்றன்று. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்களிப்புடன் ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளின் குடும்பங்களில் நடத்தப்பட்ட ஆய்வு, கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் மற்றவர்களுக்குக் காசநோய் தொற்றுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததை 2023-இல் நிறுவியது. தொடக்க மாதங்களில் எடை கூடிய நோயாளிகளின் மரண அபாயமும் கணிசமாகக் குறைந்திருந்தது. அதே கண்டிப்போடு, எந்தப் புற்றுநோயாளிக்குக் குறுகிய கால விரத உணவு உதவும், யாருக்குக் கூடுதல் உணவு தேவை என்பதையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம். அதுவே மரபுக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகவும் அமையும்.

மூன்றாவதாக, புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. அச்சு விளம்பரக் காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டம், காணொலிகளின் காலத்துக்கு ஏற்பக் கூர்மையாக்கப்பட வேண்டும். 'விரத முகாம்' என்ற பெயரில் புற்றுநோயாளிகளிடம் கட்டணம் வசூலிப்போருக்கும், அறியாமல் ஒரு செய்தியை அனுப்பும் சாமானியருக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து அது செயல்பட வேண்டும்.

நான்காவது கடமை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உரியது. விரதம் இருக்க விரும்பினால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மருத்துவரும் அதைக் கேட்டுச் சினம்கொள்ளக் கூடாது. எடை எவ்வளவு, எந்த மருந்து, அடுத்த சுற்று எப்போது என்பதையெல்லாம் பார்த்து, 'உங்களுக்கு இது கூடாது' என்றோ, 'இந்த அளவில், இந்தக் கண்காணிப்பில் செய்யலாம்' என்றோ காரணத்துடன் விளக்க வேண்டும். மறைத்து நோற்கும் விரதமே மிகவும் ஆபத்தானது.

நம் மரபையே துணைக்கு அழைப்பதானால், வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். செரிமானம் அறிந்து அளவாக உண்ணுமாறு கூறும் அவர், மருத்துவம் செய்பவர் நோயுற்றவரின் நிலையையும், நோயின் வலிமையையும், காலத்தையும் எடைபோட்டே செயல்பட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறார். தன்னுண்ணல் பற்றிய இன்றைய ஆய்வுகள் கேட்பதும் இதே கேள்விகளைத்தான்: யாருக்கு, எந்த நோயில், எப்போது, எவ்வளவு?

கைப்பேசியில் வரும் செய்திக்கு இந்தக் கேள்விகள் தெரியாது. அது எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறது. அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன், அவர் வீட்டில் யாரேனும் கீமோதெரபிக்குச் சென்றுகொண்டிருக்கக்கூடும் என்பதை ஒரு நொடி நினைத்துப் பார்ப்போம். அந்த வீட்டுக்கு இப்போது தேவை, உரிய நாளில் தவறாத சிகிச்சையும், உடம்பில் ஒட்டக்கூடிய நல்ல உணவும்தான்.